இறக்காமல் போன ஐஸ் பெட்டி

எங்கள் ஊர் ஜங்ஷனில் பந்தல், நாற்காலி, பாத்திரம், ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை ஒன்று இருக்கிறது. அந்தக் கடைக்காரர் ஒரு ஃபிராடு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு, அவர் பாவம், இவன்தான் மோசம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அவரும் மோசம்தான். மேசை விரிப்பில் இருந்த ஒரே சாம்பார்க் கறைக்கு எங்கள் தெருவிலேயே இரண்டு கல்யாண வீட்டில் காசு வாங்கியவர். கால் கீறிய நாற்காலியை அடுக்கின் நடுவில் செருகி அனுப்புவார். திரும்ப எடுக்க வரும்போது சரியாக அதைத்தான் முதலில் உருவுவார். "இது எங்க கடயில இருந்து வரும்பம் நல்லா இருந்துதே" என்பார். ஊருக்கே தெரியும். தெரிந்தும் எல்லாரும் அவரிடம்தான் போவோம். பக்கத்தில் வேறு கடை இல்லை, அவ்வளவுதான் காரணம்.

மாமா போன அன்று நானும் அவரிடம்தான் போனேன்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் அவர் வீடு. விடிந்ததும் ஒரு கட்டன்சாயா குடித்தார். நெஞ்சு என்னமோ போல இருக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஒரே மகன், என் அத்தான், சவுதியில் சாரம் கட்டும் கம்பெனியில் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால், அடக்கம் எப்போது என்று யாரும் கேட்பதில்லை. மகன் எப்போது வருகிறான் என்றுதான் கேட்பார்கள். அவன் கம்பெனியில் பேப்பர் வாங்கி, டிக்கெட் போட்டு, திருவனந்தபுரத்தில் இறங்கி, அங்கிருந்து கார் பிடித்து முற்றத்தில் வந்து நிற்கும் வரை ஆளைக் காத்து வைத்திருக்க வேண்டும். ஐஸ் பெட்டி என்ற ஒன்று எங்கள் ஊரில் ஓடுவதே கல்ஃபில் இருக்கிற பிள்ளைகளுக்காகத்தான்.

அத்தான் மறுநாள் மத்தியானம் வந்துவிடுவார் என்று உறுதியாகிவிட்டது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டார்.

"அவன் வந்து அப்பன் மொகத்தப் பாக்கணும் மக்கா. வேற எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"நான் பாத்துக்கிடுதேன் மாமி" என்றேன். ஊரில் கையில் போனும் பைக்கும் இருந்து, வேலை மட்டும் இல்லாத எஞ்சினியர் நான்தான். அதனால் கல்யாணமோ சாவோ, ஏற்பாடு எல்லாம் என் தலையில்தான் விழும். எனக்கும் அது பிடிக்கும். அந்தக் கெத்து வேறு.

மாதா கோயிலுக்குச் சொந்தமான ஐஸ் பெட்டி அன்று இன்னொரு வீட்டுக்குப் போயிருந்தது. கடைக்காரரை அழைத்தேன். சாயா ஆறுவதற்குள் டெம்போவில் பெட்டியோடு வந்து இறங்கினார். மாமாவை உள்ளே கிடத்தினார்கள். கண்ணாடி மூடியைப் போட்டு, பிளக்கைச் செருகினார்கள். உள்ளே வெள்ளை டியூப் எரிந்தது.

"போன வாரம்தான் கேஸ் நெறச்சேன் தம்பி. கைய வச்சுப் பாரும், வெரல் மரத்துப் போவும்."

பக்கத்துத் தகரத்தில் கை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. கெட்டிக்காரன் நான், தொட்டுப் பார்த்தேன், சரி என்றேன்.

ஏப்ரல் மாத வெயில். மத்தியானத்துக்கு முன்பே பந்தல் தகடு சூடேறி வீடே அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் எழுந்தபோது கால் வழுக்கியது.

"சவத்தெளவு, தரையெல்லாம் வெள்ளமா கெடக்கு" என்றவர், எந்த வீட்டில் நின்று எந்த வார்த்தையைச் சொன்னோம் என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெட்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. குனிந்தேன். வாசனை வந்தது. கடியப்பட்டணத்தில் மீன் ஏலம் முடிந்த பிறகு கரையில் நிற்குமே, அந்த வாசனை. பெட்டியில் காதை வைத்தேன். உள்ளே எதுவும் ஓடவில்லை. டியூப் மட்டும்தான் எரிந்துகொண்டிருந்தது. பைக்கிலிருந்து ஸ்குரூ டிரைவர் எடுத்து வந்து, கால் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். மாமா கிடந்த தட்டுக்கு அடியில் சாக்கில் பொதிந்த ஐஸ் பாளங்கள். ஒரு சாக்கில் சாளை மீனின் செதில்கூட ஒட்டியிருந்தது. மெஷின் செத்துப்போய் எத்தனை நாளாயிற்றோ. அந்த ஆள் மீன் ஐஸை அடியில் அடுக்கி, அதைத்தான் என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் முக்கால் பங்கு மாமாவுக்காக இல்லை என்று இப்போது தெரிகிறது. என்னை ஏமாற்றிவிட்டானே என்பதுதான்.

போனை எடுத்தேன். வீடியோ முதலில் கண்ணாடி வழியாக மாமாவின் முகத்தில் தொடங்கும். பின்னணியில் ஜெபமாலைச் சத்தம் கேட்கும். அப்படியே மெல்ல கேமரா கால் பக்கம் இறங்கும். பிறகு என் குரல்.

"மக்களே, நல்லாப் பாத்துக்கிடுங்க. செத்த மனுசனுக்கு மீன் ஐஸ் வச்சிருக்கானுவ. மெஷின் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இதுக்கு வாடகை!"

பேசிக்கொண்டே ஒவ்வொரு பாளமாக இழுத்து வெளியே எடுத்து, முற்றத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். வெயிலில் மணலில் ஐஸ் கிடந்தது. ஒரு நாய் வந்து நக்கியது. அதையும் எடுத்தேன். செம ஷாட் என்று மனதுக்குள் தோன்றியதும் உண்மை.

அம்மா பின்னாலேயே வந்தார்.

"லேய், எடுத்தத உள்ள வையி."

"இது சாட்சிம்மா. ஊரு பாக்கட்டும்."

"வெயில்ல கெடந்தா உருகிப்போவும். பெறவு என்னத்த பாப்பாவ? அவன் நாளைக்குத்தான் வாறான், ஓர்ம இருக்கா?"

"அர மணிக்கூர்ல வேற பெட்டி வரும். கடைக்காரன் வராம எங்க போவான்?"

கடைக்காரரை அழைத்து நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். "தம்பி தம்பி, ஒச்ச வைக்கண்டாம், ஆளு கூடிரும். நல்ல பெட்டி கொண்டு வாறேன்" என்றார். அவர் வருவதற்குள் வீடியோவைப் போட்டேன், கடைப் பெயர் பலகையின் போட்டோவையும் சேர்த்து. போட்டதுதான் தாமதம், பிய்த்துக்கொண்டு போனது. 'தரமான சம்பவம் ப்ரோ', 'இவன விடாதீங்க', 'எங்க வீட்டுலயும் இதே பெட்டிதான் தந்தான்'. ஊர்க்காரப் பயல்கள் எல்லாம் ஷேர் பண்ணினார்கள். துபாயிலிருந்து, குவைத்திலிருந்து, யார் யாரோ. போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. உள்ளே மாமா வெறும் டியூப் வெளிச்சத்தில் கிடந்தார்.

கடைக்காரர் சொன்னபடி வந்தார். டெம்போ முற்றத்து வாசலில் நின்றது. பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே ஐஸ் பெட்டி. புதுசு, பளபளவென்று இருந்தது. சுமை இறக்குகிற இரண்டு பேர் அதன்மேல் கை வைத்துத் தயாராக நின்றார்கள். ஆனால் கடைக்காரர் அவர்களை இறக்கச் சொல்லவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, பெட்டி வண்டியில இருக்கு. மொதல்ல அந்த வீடியோவ எடும்."

"மொதல்ல பெட்டிய இறக்கும்வே."

"எடும், இறக்குதேன். அதுக்குள்ள ரெண்டு கல்யாணப் பார்ட்டி வேண்டாம்னு விளிச்சுச் சொல்லியாச்சு."

"மீன் ஐஸ்ல மனுசன கெடத்துனவரு, மாப்பிள்ளைக்கு எதுல பிரியாணி வச்சுக் குடுப்பீரோன்னு அவனுவளுக்குப் பயம் இருக்காதா?"

பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில் சிரிப்பு. எனக்கு அது போதும், ஏறிவிட்டது.

"செஞ்சது தப்புதான், நான் இல்லன்னு சொல்லல்ல" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "மெஷின் மக்கர் பண்ணிச்சு, ஒங்க வீட்டுல அவசரம்னு சொன்னியரு, ஐஸ வச்சு ஒப்பேத்தினேன். அத இப்பம் சரியாக்கத்தான் வந்திருக்கேன். அந்த வீடியோ ஒண்ணு மட்டும்."

"இது பேரு பிளாக்மெயில்."

"என்ன மெயிலோ, எனக்குத் தெரியாது. எடுத்தா பெட்டி இறங்கும்."

அப்போது மாமி வாசல்படியில் வந்து நின்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"மக்கா, அது என்ன எளவோ, எடுத்துக் களஞ்சிரு. பெட்டிய வாங்கி உள்ள வையி."

"மாமி, நீங்க உள்ள போங்க. இன்னைக்கு இவன விட்டா நாளைக்கு இன்னொரு வீட்டுல இதத்தான் செய்வான். இது மாமாவுக்குள்ள மரியாத."

மரியாதை என்ற வார்த்தையைச் சொன்னேன். பயல்கள் கை தட்டாத குறை. ஒருவன் "விடாத மாப்ள" என்று பின்னாலிருந்து சொன்னான். பெரிய மாமா, இறந்தவரின் அண்ணன், ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நான் அவரை நிறுத்தினேன் என்பதை இன்று நினைத்தால் கை கூசுகிறது.

கடைக்காரர் டெம்போ பக்கம் நடந்தார். "அப்பம் நீரே பாத்துக்கிடும்" என்றார். டெம்போ பின்னால் எடுத்துத் திரும்பியது. பெட்டியின் கண்ணாடியில் வெயில் பட்டுக் கண் கூசியது. அது போவதையும் நான் எடுத்தேன். 'பார்ட் டூ' என்று போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் போன்தான். திங்கள்நகர் கடையில் பெட்டி வெளியே போயிருந்தது. நாகர்கோவிலில் ஒன்று இருக்கிறது, ராத்திரிதான் காலியாகும் என்றார்கள். ஆஸ்பத்திரிப் பிணவறையில் கேட்டால், வீட்டில் இறந்தவரைக் கொண்டுவர ஆயிரம் பேப்பர் கேட்டார்கள். ஒவ்வொரு போனுக்கும் நடுவில் நோட்டிஃபிகேஷன் வந்து வந்து விழுந்தது. ஒரு கட்டத்தில் என் கூட்டுக்காரனைக் கடியப்பட்டணத்துக்கு அனுப்பினேன். சாயங்காலம் சாய்கிற நேரத்தில் அவன் ஆட்டோ நிறைய ஐஸ் பாளம் கொண்டுவந்தான். மீன் ஐஸ். நான் எடுத்து முற்றத்தில் போட்டது எதுவோ அதே சரக்கு. அதை நானே சுமந்து, நானே சாக்கில் பொதிந்து, நானே அடியில் அடுக்கினேன். காலையில் எடுத்துப் போட்ட இடத்தில் இப்போது ஈர மணல்கூட இல்லை, காய்ந்துபோயிருந்தது.

தாமதமாகிவிட்டது. கண்ணாடிக்குள் இருந்தது மாமாவின் முகம் இல்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

பெரிய மாமா கோயில் உபதேசியாரைக் கூட்டிவந்து காட்டினார். இரண்டு பேரும் தள்ளி நின்று பேசினார்கள். பிறகு பெரிய மாமா மாமியிடம் போய்ச் சொன்னார்.

"மூடிருவோம். பயல் இதக் காணண்டாம்."

மாமி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தலையை ஆட்டினார். சவப்பெட்டி வந்தது, மாமாவை மாற்றினார்கள், மூடி ஆணி அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் மாமியின் தோள் குலுங்கியது. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மறுநாள் அத்தான் வந்தார். ஏர்போர்ட்டில் ஒட்டிய சீட்டு பையில் அப்படியே தொங்கியது. பையைக் கீழே போடாமலே உள்ளே வந்து, மூடியிருந்த பெட்டியைப் பார்த்தார். மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஒருக்கா தொறங்க."

பெரிய மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரே ஒருக்கா. பாத்துட்டு மூடிருவோம்."

"வேண்டாம் மக்கா" என்றார் மாமி. "நல்லா ஒறங்கின மாதிரிதான் இருந்தாரு, கேட்டியா. அத நெனச்சுக்கோ."

அத்தான் அந்தப் பெட்டியைச் சுற்றி நடந்தார். எங்காவது ஒரு இடுக்கு இருக்காதா என்று தேடுவது போல. பிறகு உட்கார்ந்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் கடைக்காரரைத் திட்டினார்கள். நாசமாப் போவான், அவன் குடும்பம் வெளங்காது. நானும் திட்டினேன். எல்லாரையும்விட சத்தமாக. அப்படித் திட்டிக்கொண்டிருந்த என் வாய் என்னுடையதுதானா என்று இருந்தது. டெம்போவையும் பெட்டியையும் பார்த்தவர்கள் ஒரு பந்தல் நிறைய இருந்தார்கள். ஒருவர்கூட அத்தானிடம் அதைச் சொல்லவில்லை. எனக்காக இல்லை, அந்த நேரத்தில் அதைச் சொல்கிற மனசு யாருக்கும் வரவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அத்தான் வந்து என் பைக்கில் ஏறி உட்கார்ந்தார்.

"எட்றா வண்டிய. அந்த வாடகைக் கடைக்குப் போவணும்."

"விடுங்க அத்தான். அவன்கிட்டல்லாம் போய் என்ன பேச?"

"நீ ஒரு வீடியோவப் போட்டு அவன நாறடிச்சே. நான் மவன். நான் ஒரு வாக்கு கேக்கண்டாமா?"

வழியெல்லாம் சாக்கு யோசித்தேன். பெட்ரோல் இல்லை என்று சொல்லலாமா என்றுகூடப் பார்த்தேன். முள் முக்காலில் நின்றது.

கடையில் ஆள் இருந்தார். அவ்வளவு பேர் பார்த்த வீடியோவால் அவருக்கு ஒன்றும் குறைந்த மாதிரி தெரியவில்லை. ஏதோ கல்யாணத்துக்கு டெம்போவில் நாற்காலி ஏறிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"என் அப்பன் மொகத்தக் காண விடாம ஆக்கினீரே, ஒமக்கெல்லாம் பிள்ள குட்டி இல்லியாவே?" அத்தான் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மெஷின் போச்சு, ஐஸ வச்சேன். அது தப்பு. நான் எங்க வேண்டாலும் ஒத்துக்கிடுதேன்" என்றார் கடைக்காரர். "ஆனா மொகம் காணாமப் போனது என்னால இல்ல. நல்ல பெட்டி ஏத்திக்கிட்டு ஒங்க முத்தத்துல வந்து நின்னேன். ஒங்க அம்ம வாசல்ல நின்னு வாங்கிக்கிடச் சொன்னாவ. வீடியோவ எடுக்க மாட்டேன்னு திருப்பி விட்டது ஆருன்னு கேளும்."

அத்தான் சிரித்தார். "பொய்யி. கேட்டியாலே, என்ன பொய் சொல்லுதான் பாத்தியா?"

என்னைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது.

பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. கறைக்கு இரண்டு முறை காசு வாங்குகிற ஆளை நம்பவா போகிறார்? ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். வார்த்தை தொண்டை வரை வந்தது. டெம்போவில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய சிவப்பு நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லாமல் நின்றதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

சிரிப்பு போனது.

"வா" என்றார் என்னிடம்.

பைக்கில் பின்னால் அவர் கை என் தோளில் இல்லை. கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அடிப்பார், இறங்கிவிடுவார், ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் சந்து திரும்புகிற இடத்தில்தான் வாயைத் திறந்தார்.

"அந்த வீடியோ இருக்கா?"

"இப்பமே எடுத்திருதேன் அத்தான்."

"எடுக்கதுக்கு முன்ன, அதுல மொதல்ல உள்ள பாகம் மட்டும் எனக்கு அனுப்பு. தம்மாம் ஏர்போர்ட்டுல ஃபிளைட் ஏறுததுக்கு முன்ன அந்த மொத வீடியோ மட்டும்தான் பாத்தேன். மொதல்ல அப்பா நல்லா தெரியுதாரு. பெறவு நீ பேசத் தொடங்கிருவ. அந்தப் பேச்சு வேண்டாம்."

வீட்டுக்குப் போய் வெட்டினேன். நான் எடுத்த அத்தனை நீள வீடியோவில் மாமாவின் முகம் இருப்பது கொஞ்ச நேரம்தான். மிச்சமெல்லாம் என் கை, என் கத்தல், ஐஸ், நாய். அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. முழு வீடியோவையும் பார்ட் டூவையும் அன்றே அழித்தேன்.

அழித்ததும் 'எவ்ளோ வாங்குன ப்ரோ' என்று கேட்டு மெசேஜ் வரத் தொடங்கியது. அன்று சாயங்காலமே கடைக்காரரும் அழைத்தார்.

"எடுத்துட்டீருன்னு பயலுவ சொன்னானுவ. நல்லது தம்பி. இனி ஒங்க வீட்டுல என்ன விசேசம்னாலும் நம்ம கடதான், பந்தல் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். உண்மையிலேயே நன்றியோடுதான் சொன்னார்.

அத்தான் லீவு முடிந்து போய்விட்டார். மாமியிடம் தினமும் பேசுகிறார். மாமியின் போன் பட்டன் போன், அதில் படம் ஓடாது. அதனால் அந்தத் துண்டு வீடியோவைக் காட்ட மாமி என்னைக் கூப்பிடுவார். கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொள்வேன். கண்ணாடிக்கு உள்ளே மாமா. பின்னால் ஜெபமாலை, அதில் மாமியின் குரலும் உண்டு. அது முடிகிற இடத்தில் என் குரல் ஒரு துளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'மக்களே' என்று தொடங்கியதில் முதல் 'மக்'. எவ்வளவு வெட்டினாலும் அது போகவில்லை. அதையும் வெட்டினால் முகமும் கொஞ்சம் போய்விடும்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமி கேட்டார்.

"கடைசில நீ என்னமோ சொல்ல வாறியே மக்கா. என்னது?"

"ஒண்ணுமில்ல மாமி."

"திருப்பிப் போடு" என்றார்.

போட்டேன்.